ஆறு மணிக்குள் ஒரு கையெழுத்து

ஊரிலிருந்து வரும் பொட்டலத்தைப் பற்றி உங்களுக்கு விளக்கம் சொல்லத் தேவையில்லை. வளைகுடாவில் வளர்ந்த நாம் எல்லோரும் அதைத் தின்று வளர்ந்தவர்கள்தாம். லீவு முடிந்து யார் திரும்பினாலும் சரி, அவர் நமக்கு உறவா, வெறும் அறிமுகமா என்பதெல்லாம் அப்புறம். ஆள் வருகிறார் என்று தெரிந்தால் போதும், அவர் பெட்டியில் நம் வீட்டுக்கென்று இரண்டு கிலோ ஏறிவிடும். உள்ளே என்ன இருக்கிறது என்று அவர் கேட்கமாட்டார். கேட்டால் மரியாதைக் குறைவு. இந்தப் பழக்கத்தை நீங்கள் நம் பள்ளி வாட்ஸ்அப் குழுவில் புகழ்ந்து எழுதும்போதெல்லாம் நான் போனைக் கவிழ்த்து வைத்துவிடுவேன். ஏன் என்று இத்தனை வருடம் சொன்னதில்லை. நமக்கெல்லாம் நாற்பது நெருங்கிவிட்டது, முட்டியை மடக்கினால் சத்தம் கேட்கிறது. இனிமேலும் மூடி வைத்து என்ன ஆகப் போகிறது, சொல்லிவிடுகிறேன்.

அப்போது எனக்குப் பதினொரு வயது. பர்துபாயில் மூன்றாவது மாடியில் குடியிருந்தோம். வாப்பாவுக்கு ஜெபல் அலியில் ஒரு கிடங்கில் கிளார்க் வேலை. எனக்கு டென்னிஸ் பைத்தியம். பக்கத்து ஓட்டலின் காவலாளி, மஞ்சள் முடி உதிர்ந்து மொட்டையாகிப்போன பந்துகளை எனக்காக எடுத்து வைப்பார். அவற்றைக் கட்டடத்தின் பின்சுவரில் அடித்து அடித்து, தரைத்தளத்து மலையாளி ஆன்ட்டியிடம் திட்டு வாங்குவேன். பள்ளிக் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் நம் நாட்டு ஆண் ஆட்டக்காரர்களின் பட்டியல் ஒன்று வைத்திருந்தேன். நடுவில் ஒரு கோடு. இடது பக்கம் 'மேலே இருப்பவர்கள்', ஆறு பேர். வலது பக்கம் 'மேலே வருகிறவர்கள்', பதினொரு பேர். மளிகைக் கடைக்கு ஒருநாள் தாமதமாக வரும் பேப்பரில் கடைசிப் பக்கத்தைப் பார்த்து, ரப்பரால் அழித்து அழித்து, பெயர்களை மேலும் கீழும் மாற்றி எழுதுவேன். அழித்த இடத்தில் தாள் மெலிந்து ஓட்டையே விழுந்துவிட்டது. அந்த நோட்டு இப்போது இல்லை.

அந்தக் குளிர்காலத்தில் சென்னையிலிருந்து சின்னம்மா போன் செய்தாள். அவள் குடியிருந்த வீட்டின் மேல் மாடிக்காரரின் மகன் டென்னிஸ் ஆட துபாய்க்கு வருகிறானாம், ஓட்டலுக்குக் கட்டுப்படியாகவில்லை, உங்கள் ஹாலில் ஒரு வாரம் படுத்துக்கொள்ளட்டுமா என்றாள். பெயரைச் சொன்னதும் நான் நோட்டை எடுத்துக்கொண்டு ஓடினேன். வலது பக்கத்தில் முதல் பெயர் அவருடையது.

விஷயம் இதுதான். அடுத்தடுத்த மூன்று வாரங்களில் துபாய், தோஹா, குவைத் என்று மூன்று சின்னப் போட்டிகள். அது முடிந்ததும் நம் நாட்டு அணி வெளிநாட்டுக்குப் போகிறது. நான்கு பேர் முடிவாகிவிட்டார்கள். கூட ஐந்தாவதாக ஓர் இளைஞரை அழைத்துப் போவார்கள். அந்த இடத்துக்கு இவரும், வடக்கிலிருந்து ஓர் இடது கைக்காரரும் போட்டி. மூன்று வாரத்தில் யார் அதிகப் புள்ளி எடுக்கிறாரோ அவருக்கு. இவருடைய அப்பா இருந்த கடையை விற்றுத்தான் இவரை ஆட வைத்துக்கொண்டிருந்தார். இந்த முறை கிடைக்காவிட்டால் ஆட்டத்தை விட்டுவிட்டு வேலைக்குப் போவதென்று வீட்டில் பேச்சு முடிந்திருந்தது. இதையெல்லாம் சின்னம்மா போனிலேயே சொல்லிவிட்டாள். வாப்பாவும் உற்சாகமாகி, மூன்றாவது வாரத்துக்குக் குவைத்தில் ஃபர்வானியாவில் இருந்த மாமாவிடமும் இடம் சொல்லி வைத்தார்.

பெரிய ஆட்டக்காரராக இருந்தால் பெயர் முன்பே பதிவாகியிருக்கும். இவரைப் போன்றவர்களுக்குத் தகுதிச் சுற்று. அதற்கு முந்தைய நாள், வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்குள் ஆட்டக்காரரே நேரில் வந்து ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும். ஆறு மணி ஒரு நிமிடம் என்றாலும் கிடையாது. இடமும் முப்பத்திரண்டுதான், அதற்கு மேல் ஆள் வந்தால் ரேங்க் குறைந்தவர்களுக்குக் கிடைக்காது. அவருக்குக் கிடைத்த மலிவு டிக்கெட் அதே வெள்ளிக்கிழமை பகல் ஒரு மணிக்குத்தான் இறங்கியது.

ஆள் வருகிறாரே, உம்மா விடுவாளா. கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு போன் கார்டின் வெள்ளிப் பூச்சை நாணயத்தால் சுரண்டி, நீளமான எண்ணை நான்தான் அழுத்திக் கொடுத்தேன். உம்மா சின்னம்மாவிடம் கறிவேப்பிலைப் பொடி, வடகம், இட்லிப் பொடி என்று அடுக்கினாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"கொஞ்சம் கசகசா. நூறு கிராம் போதும்டி. முந்திரியப் போட்டு அரச்சு அரச்சு நாக்கு செத்துப் போச்சு. ஊர்லேந்து வர்ற புள்ளைக்கு மொத நாளு நல்ல குருமா வைக்கணும். இட்லிப் பொடி டப்பாக்குள்ள வச்சு விடு. அந்தத் தம்பிக்குச் சொல்ல வேணாம், பயப்படும்."

நமக்கெல்லாம் தெரியும், அந்த நாட்டில் கசகசா போதைப் பொருளோடு சேர்த்தி. உம்மாவுக்கும் தெரியும். கடைத் தெருவில் இரண்டு பேர் பேசிக்கொண்டால் கூட அந்தச் சொல்லை மெதுவாகத்தான் சொல்வார்கள். நானும் கேட்டுக்கொண்டுதான் நின்றேன். குருமாவை நினைத்து எனக்கு எச்சில் ஊறியது.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வாப்பாவும் நானும் கம்பெனியின் பழைய பிக்கப்பில் விமான நிலையம் போனோம். பயணிகள் வெளியே வரும் கண்ணாடிக் கதவு திறந்து திறந்து மூடியது. சென்னை விமானத்து ஆட்கள் போர்வை மூட்டைகளோடும், கயிறு கட்டிய அட்டைப் பெட்டிகளோடும் வந்தார்கள். டென்னிஸ் பையோடு யாரும் வரவில்லை. இரண்டு மணி, இரண்டேகால், இரண்டரை. நான் நோட்டைத் திறந்து மூடிக்கொண்டிருந்தேன். கடைசியாக வந்த ஒருவரை வாப்பா நிறுத்தினார்.

"பாய், நீங்க சென்னை ஃப்ளைட்டா? ராக்கெட் பையோட ஒரு தம்பி, ஒசரமா, பாத்தீங்களா?"

"பாத்தேனே. எனக்கு முன்னாடி லைன்ல நின்னாரு. ஏதோ டப்பாவப் பிரிச்சாங்க. தனியா ஒரு மேசைக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க." அவர் வாப்பாவின் முகத்தைப் பார்த்தார். பிறகு ஒன்றும் கேட்காமல் வண்டியைத் தள்ளிக்கொண்டு வேகமாக நகர்ந்துவிட்டார்.

வாப்பா வீட்டுக்குப் போன் போட்டார்.

"அந்தப் பொட்டலத்துல என்னென்ன வைக்கச் சொன்னே? ஒன்னு விடாம சொல்லு."

உம்மா என்ன சொன்னாள் என்பது எனக்குக் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இல்லை.

"எவ்வளவு?" என்றார் வாப்பா. பிறகு, "டப்பாக்குள்ளயா?" என்றார். பிறகு போனை வைத்துவிட்டார்.

பக்கத்தில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் முழங்காலில் அழுத்திக்கொண்டார். அவர் என்ன கணக்குப் போட்டிருப்பார் என்று இன்று எனக்குத் தெரிகிறது. உள்ளே போய் 'அது என் வீட்டுப் பொருள்' என்று சொன்னால் அவரும் உள்ளேதான். வேலை போகும், விசா போகும். அவர் விசாவில் இருக்கும் நாங்களும் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். போகாவிட்டால் ஒன்றும் அறியாத ஒரு பையன் தனியாக நிற்கிறான். அன்று எனக்கு இது எதுவும் புரியவில்லை. வாப்பாவின் கண் முன்னால் ஜெயில். என் கண் முன்னால் ஒரு தாள்.

"வாப்பா, மூணு மணி ஆச்சு. அண்ணா ஆறு மணிக்குள்ள சைன் பண்ணணும்."

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். கண்ணாடிக் கதவை நோக்கிப் போவார் என்று நினைத்தேன். அவர் பார்க்கிங்கை நோக்கிப் போனார். பிக்கப்பில் ஏறி, சாவியைப் போட்டு, கிளப்பாமல் ரொம்ப நேரம் இருந்தார்.

"நாம இங்க வரல. புரியுதா? யாரு கேட்டாலும் வரல."

"அப்ப சைன்?" நான் அழ ஆரம்பித்துவிட்டேன். "நாம போய்ச் சொல்லலாம் வாப்பா. அவருக்குப் பதிலா நீங்க போடுங்க. அவர் வந்துருவாருன்னு சொல்லுங்க."

இப்படி ஒரு வழி இருப்பதே வாப்பாவுக்கு அப்போதுதான் தோன்றியிருக்க வேண்டும். போக வேண்டிய இடத்துக்குப் போகாமல், போனதாக மனசைத் தேற்றிக்கொள்ள ஓர் இடம். உடனே வண்டியைக் கிளப்பினார். அன்றைக்கு அவரைப் பெரிய வீரராக நினைத்தேன். சிக்னலுக்குச் சிக்னல் அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டதை, வெயில் என்று நினைத்தேன்.

கிளப்பை அடைந்தபோது ஐந்து அடிக்கப் பத்து நிமிடம். ஒரு குடையின் கீழே மேசை. போட்டி அதிகாரியான வெள்ளைக்காரர் ஒருவர், தொப்பியைப் பின்னால் தள்ளிவிட்டு, அட்டையில் செருகிய தாளோடு உட்கார்ந்திருந்தார். உயரம் உயரமாக ஆட்டக்காரர்கள் வந்து குனிந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்கள். இடது கைக்காரரும் வந்தார். பேப்பரில் பார்த்ததைவிட ஒல்லியாக இருந்தார். அவர் பேனாவை மூடி வைத்ததும், தாளில் நிரம்பிய வரிகளை நான் எட்டிப் பார்த்து எண்ணத் தொடங்கினேன்.

வாப்பா தன் கிளார்க் ஆங்கிலத்தில் கேட்டுப் பார்த்தார். அதிகாரி சிரித்த முகத்தோடு, முடியாது என்று தலையாட்டினார். ஆட்டக்காரர் வர வேண்டும், வேறு யாரும் போட முடியாது என்றார். மேசைக்கு எதிரே ஒரு பெஞ்சில் உட்கார்ந்தோம். ஏன் உட்கார்ந்தோம் என்று கேட்காதீர்கள். வரமாட்டார் என்று தெரிந்த ஒருவருக்காக வாப்பா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் பக்கத்து மைதானத்திலிருந்து அவர் வந்தார். என் நோட்டில் இடது பக்கத்து முதல் பெயர். நம் நாட்டின் நம்பர் ஒன். தோள் காயம் ஆறி, மறுபடி ஆடிப் பழகுவதற்காக இந்தச் சின்னப் போட்டிக்கு வந்திருந்தார். வேறொரு நாளாக இருந்தால் நான் மயங்கி விழுந்திருப்பேன். தோளில் பட்டையும் கழுத்தில் துண்டுமாக மேசைக்குப் போய், சென்னைப் பையன் வந்துவிட்டானா என்று கேட்டார். அதிகாரி எங்களைக் காட்டினார்.

எங்கள் முன்னால் வந்து நின்றார். அவன் உங்கள் வீட்டிலா தங்குகிறான், ஏன் இன்னும் வரவில்லை, ஏதாவது பிரச்சினையா என்று இந்தியில் கேட்டார். இங்கே எனக்குத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், ஏதாவது என்றால் சொல்லுங்கள், ஒரு போன் போட்டால் போதும் என்றார். அவர் அப்படிக் கேட்டது எனக்கு வார்த்தை வார்த்தையாக நினைவிருக்கிறது.

வாப்பாவின் கை என் தோளில் இருந்தது. அது இறுகியது.

"ஃப்ளைட் லேட், பாய்," என்றார் வாப்பா. "வேற ஒன்னும் இல்ல. ஃப்ளைட் லேட்."

எனக்கு ஆங்கிலம் தெரியும். பள்ளியில் பேச்சுப் போட்டியில் கோப்பை வாங்கியவள். இரண்டே வாக்கியம் போதும். வாயைத் திறந்தேன், தோளில் விரல்கள் அழுந்தின, மூடிக்கொண்டேன். நம்பர் ஒன் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, என் தலையைத் தட்டிவிட்டுப் போனார். ஆறு மணிக்கு அதிகாரி தாளை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

அதன் பிறகு பதினெட்டு நாள். முதல் நாளே உம்மா அபாயாவை மாட்டிக்கொண்டு, நானே போய்ச் சொல்கிறேன், நான்தானே கேட்டேன் என்று வாசலில் நின்றாள். தனியாக டாக்ஸியில் ஏறியே பழக்கமில்லாதவள். வாப்பா கதவுக்கு முன்னால் நின்று, "நீ உள்ள போனா அவன் வெளிய வருவானா? ரெண்டு பேரும் உள்ள இருப்பீங்க," என்றார். அது உண்மையா, பயமா என்று எனக்கு இன்றும் தெரியவில்லை. இரண்டும் ஒன்றாகவே இருந்திருக்கலாம்.

தினமும் காலையில் சென்னையிலிருந்து அவருடைய அம்மா போன் செய்வார். "ஏதாவது தெரிஞ்சுதாங்க?" என்று மட்டும்தான் கேட்பார். வாப்பா, "விசாரிச்சுக்கிட்டே இருக்கேம்மா," என்பார். அதே வீட்டில் கீழே சின்னம்மா இருந்தாள். அவளும் வாயைத் திறக்கவில்லை. அந்த அம்மாவுக்கு ஆறுதல் சொல்ல தினமும் மாடிப்படி ஏறிப் போனாளாம். வீட்டில் போன் அடித்தாலே நான் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்து விடுவேன்.

முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறேன். தோஹாவில் நான்காம் நாள் நம்பர் ஒன்னுக்கு விஷயம் தெரிந்தது. அவர் யார் யாருக்கோ பேசினார். கடிதங்கள் போயின. பொருளைச் சோதனைக்கு அனுப்பி, சமையலுக்கு உள்ளதுதான், அளவும் குறைவு என்று பதினெட்டாம் நாள் விட்டார்கள். அதற்குள் தோஹா முடிந்துவிட்டது, குவைத்துக்கும் பெயர் கொடுக்க முடியாமல் போனது. ஐந்தாவது இடம் இடது கைக்காரருக்குப் போனது. இவர் அந்த வருடமே ஆட்டத்தை விட்டார். இப்போது ஏதோ ஒரு பள்ளியில் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறார் என்று கேள்வி.

ஆனால் நான் சொல்ல உட்கார்ந்தது அந்தப் பதினெட்டாம் நாள் மாலையைத்தான். போன் அடித்தது. வாப்பா எடுத்தார். கொஞ்ச நேரம் கேட்டார். "வாங்க தம்பி. வாங்க," என்றார். வெளியே வந்திருந்த அந்த அண்ணாவுக்கு மறுநாள் காலையில்தான் விமானம். அந்த ஊரில் வேறு யாரையும் தெரியாது. தன் அம்மாவிடம் எண் வாங்கி, வரலாமா என்று கேட்டிருக்கிறார்.

பேப்பரில் பார்த்த முகம் இல்லை. தாடி வளர்ந்து, கன்னம் ஒட்டி, டென்னிஸ் பையைத் தோளில் போட்டபடி வாசலில் நின்றார். குளித்துவிட்டு வந்ததும் உம்மா பாயை விரித்து, சோறும் ரசமும் பொரித்த மீனும் வைத்தாள். அவர்தான் பேச்சை ஆரம்பித்தார்.

"நம்பர் ஒன் போன்ல சொன்னாரு அங்கிள். அன்னிக்கே தெரிஞ்சிருந்தா சாயங்காலமே வெளிய எடுத்திருப்பாராம். க்ளப்ல ஒருத்தர் ஃப்ளைட் லேட்னு சொன்னாராம். கூட ஒரு சின்னப் பொண்ணு இருந்துச்சாம்."

வாப்பா சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். "நான்தான் தம்பி," என்றார்.

"தெரியும் அங்கிள்." அவர் தட்டைப் பார்த்தபடியே பேசினார். "ஏர்போர்ட்லயும் பாத்தேன். என்னை உக்கார வச்ச எடத்துலேந்து கதவு தெரியும். உங்க ஃபோட்டோ காமிச்சு அனுப்பிச்சிருந்தாங்க. நீங்க எழுந்தீங்க, சரி, வராருன்னு நெனச்சேன். பொண்ணு கையப் புடிச்சுக்கிட்டுப் போயிட்டீங்க. உங்க நம்பர் எழுதின சீட்டு பாக்கெட்ல இருந்துச்சு. கேக்கறதுக்கு முன்னாடி வாயில போட்டு மென்னுட்டேன்."

"ஏன் தம்பி? சொல்லியிருக்கலாமே."

"பெரிய மனசெல்லாம் இல்ல அங்கிள். மூணு நாள் உங்க மேல அவ்ளோ கோவம். ஆனா அந்த நேரத்துல, இவர் வேற கொழந்தைய வச்சிட்டு எங்க போவாருன்னு தோணுச்சு. அவ்ளோதான்."

"நான் பயந்துட்டேன்," என்றார் வாப்பா. வாப்பா அழுததை அன்றுதான் பார்த்தேன். உம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டாள்.

அவருக்குத்தான் சங்கடமாகிவிட்டது. பேச்சை மாற்ற நினைத்தார். சிரிக்கக்கூட முயன்றார்.

"விடுங்க அங்கிள். எப்படியும் அன்னிக்கு சைன்-இன்ல செம கூட்டம் இருந்திருக்கும். யூரோப்லேந்து எல்லாரும் வந்திருப்பாங்க. என் ரேங்குக்கு இடமே கெடச்சிருக்காது. உள்ள இருந்தப்ப அப்படி நெனச்சுத்தான் ராத்திரி தூங்கினேன்."

"ஆமா தம்பி," என்றார் வாப்பா உடனே. கண்ணைத் துடைத்துக்கொண்டார். "சரியான கூட்டம். நிக்க எடமில்ல."

பதினெட்டு நாளாக எனக்குள் ஒன்று கனன்றுகொண்டிருந்தது. வாப்பா பொய் சொன்னார், நான் சும்மா நின்றேன், அதனால்தான் எல்லாம் போனது என்று. இனிமேல் சும்மா நிற்கக் கூடாது என்று முடிவு செய்திருந்தேன். வாப்பா மறுபடியும் பொய் சொல்கிறார் என்பது மட்டும்தான் எனக்குத் தெரிந்தது.

"இல்ல வாப்பா," என்றேன். "நான் எண்ணினேன். முப்பத்திரண்டு எடம். முப்பத்தொரு பேருதான் போட்டாங்க. கடைசி வரி காலியாத்தான் இருந்துச்சு. யார் வந்திருந்தாலும் குடுத்திருப்பாங்க."

வாப்பா என்னைப் பார்த்தார். அவர் அடிக்கவில்லை, திட்டவில்லை.

அந்த அண்ணா கையில் எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்தார். "காலியா இருந்துச்சா?" என்று என்னிடம் கேட்டார். நான் தலையாட்டினேன். அவர் எழுந்து, கையைக் கழுவிக்கொண்டு வந்து, எங்களுக்கு முதுகைக் காட்டி ஹாலில் படுத்துக்கொண்டார். மணி ஏழுகூட ஆகவில்லை. உம்மா விளக்கை அணைத்தாள். அவர் தூங்கவில்லை என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.